தூங்கிப்போன ஃபர்பியைத் திறந்து பழுது பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பல வருடம் பெட்டியில் கிடந்த ஃபர்பியை (கண் சிமிட்டி, காது ஆட்டி, பேசும் ரோமப் பொம்மையை) வெளியே எடுத்து, புது பேட்டரி போட்டு, குலுக்கிப் பார்த்து, ஒரு அசைவும் இல்லை என்றதும் பலர் கத்தரிக்கோலைத் தேடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். செத்துவிட்டது என்று என் கைக்கு வந்தவற்றில் பல, ரோமத்தில் ஒரு தையலைக்கூடப் பிரிக்காமல் கண் திறந்தவை. ஒருமுறை தோலை உரித்துவிட்டால், எவ்வளவு கவனமாக மாட்டினாலும் பழைய பொலிவு முழுதாகத் திரும்பாது. சேகரிப்பில் வைத்திருக்கும் பொம்மைக்கு அது பெரிய இழப்பு. அதனால் வெளியிலிருந்தே எதையெல்லாம் கண்டுபிடிக்க முடியுமோ அதையெல்லாம் முதலில் செய்துவிட்டு, கடைசியில்தான் திறக்கப் போகிறோம்.

இங்கே சொல்வதெல்லாம் 1998-இல் டைகர் எலக்ட்ரானிக்ஸ் வெளியிட்ட முதல் ஃபர்பிக்கு. 2005-இல் வந்ததும், 2012-இல் எல்சிடி கண்களோடு வந்ததும் உள்ளே வேறு மாதிரி. சோதிக்கும் முறை அவற்றுக்கும் ஓரளவு உதவும். ஆனால் எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்ற விவரத்தை அவற்றுக்கு அப்படியே நம்ப வேண்டாம்.

ஒரே மோட்டார்

ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் இந்தப் பொம்மையின் உள்கதை தெரிந்திருக்க வேண்டும். டேவ் ஹாம்ப்டன், கேலப் சங் இருவரும் உருவாக்கியது இது. இமை மூடும், அலகு திறக்கும், காது ஆடும், உடம்பு முன்னும் பின்னும் சாயும். இத்தனைக்கும் உள்ளே ஒரே ஒரு மோட்டார்தான். அது ஓர் அச்சைச் சுற்றுகிறது. அச்சில் வரிசையாகக் கேம் சக்கரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் மேடு பள்ளங்கள். அந்த மேட்டில் ஏறி இறங்கும் நெம்புகோல் ஒன்று காதை அசைக்கும், இன்னொன்று இமையை இழுக்கும், மற்றொன்று அலகைத் திறக்கும். அச்சு எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதுதான் அந்த நேரத்து முகபாவம்.

அப்படியானால் அச்சு இப்போது எங்கே நிற்கிறது என்று உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்றுப் பலகைக்கு, அதாவது போர்டுக்கு, தெரிந்தாக வேண்டும், இல்லையா? அதற்கு இரண்டு கண்காணிகள் உண்டு. ஒன்று, துளைகள் போட்ட ஒரு சக்கரம். ஒரு பக்கம் ஒளி, மறுபக்கம் அதை வாங்கும் உணரி. சக்கரம் சுற்றச் சுற்ற ஒளி விட்டுவிட்டு வரும், போர்டு அதை எண்ணிக்கொண்டே போகும். இன்னொன்று, அச்சு ஒரு சுற்று முடிக்கும்போது ஒருமுறை மூடித் திறக்கும் சின்ன உலோக சுவிட்ச். எண்ணிக்கையை மறுபடி பூஜ்யத்தில் வைக்க அதுதான் அடையாளம்.

ஃபர்பியின் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தில் வந்து நிற்கும்: பொம்மைக்குத் தன் நிலை தெரியவில்லை. ஒன்று, அச்சு எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. அல்லது, தான் நேராக இருக்கிறோமா சாய்ந்திருக்கிறோமா என்று தெரியவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பழுது தேடுவது பாதி முடிந்த மாதிரி.

திறக்காமல் பார்க்க வேண்டியவை

அடிப்பக்கத்தில் பேட்டரி மூடி இருக்கும். ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். ஏஏ அளவு செல் நான்கு. பழைய செல்கள் உள்ளேயே இருந்திருந்தால், ஸ்பிரிங்கைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கும். ஆல்கலைன் செல்லிலிருந்து கசிந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காற்றுப் பட்டு இப்படி ஆகிறது. இது காரம், அதனால் இதை முறிக்க அமிலம் வேண்டும். காட்டன் பட்ஸை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ தொட்டுத் துடைத்தால் சின்னதாக நுரைக்கும். நுரை அடங்கியதும் தண்ணீரில் லேசாக நனைத்த பட்ஸால் துடைத்து, அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். கையுறை போடுங்கள், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை பிடித்த தகட்டை மிக நைசான உப்புத்தாளால் பளபளப்பு தெரியும் வரை தேய்க்கலாம்.

புது ஆல்கலைன் செல் நான்கு போட்டால் மொத்தம் 6 வோல்ட். ரீசார்ஜ் செல் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான், நான்கும் சேர்ந்து 4.8. சோதிக்கும்போது ரீசார்ஜ் செல் வேண்டாம். பழுதா, பலவீனமா என்று குழம்பிப் போவீர்கள். ஒன்று புதிது, மூன்று பழையது என்று கலந்து போடுவதும் வேண்டாம்.

இந்தப் பொம்மைக்கு ஆன்-ஆஃப் சுவிட்ச் கிடையாது. அசைத்தால், தலைகீழாகக் கவிழ்த்தால் விழிக்கும். கவனிப்பாரில்லாவிட்டால் தானே தூங்கும். பேட்டரி போட்டதும் அடியில் உள்ள ரீசெட் பொத்தானை மெல்லிய குச்சியால் அழுத்துங்கள். இப்போது என்ன நடக்கிறது என்பதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். பழுதின் முகவரி இங்கேதான் கிடைக்கும்.

ஒரு சத்தமும் இல்லை என்றால் மின்சாரம் போர்டு வரை போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பேசுகிறது, ஆனால் முகம் அசையவில்லை என்றால் மோட்டார் அல்லது கியர். முகம் அசைகிறது, பேச்சு இல்லை என்றால் ஸ்பீக்கர் ஒயர். மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், அல்லது இரண்டு தரம் முனகிவிட்டு அரைக்கண் திறந்தபடி நின்றால், அது அச்சின் நிலையைத் தொலைத்துவிட்டது. யாரும் தொடாமலேயே சிரித்துக்கொண்டிருந்தால் வயிற்று சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண், அலகு எல்லாம் சரியாக ஆடி ஒரு காது மட்டும் ஆடாமல் தொங்கினால் மின்சாரக் கோளாறாக இருக்கவே முடியாது. ஒரே மோட்டார் ஆயிற்றே! அந்தக் காதின் நெம்புகோல் கழன்றோ உடைந்தோ போயிருக்கும்.

அப்புறம் ஒன்று இருக்கிறது. ஃபர்பி சேகரிப்பவர்களிடையே அதற்குத் தனிப் பெயரே உண்டு: ‘மீ ஸ்லீப் அகெய்ன்’. ரீசெட் அழுத்தியதும் உயிர் வரும், உடனே மறுபடி தூங்கப் போய்விடும். ஆட்டினாலும் கவிழ்த்தாலும் எழாது. பொம்மை முழுக்க நன்றாக இருக்கும், ஆனால் தன்னை யாரோ தூக்கி ஆட்டுகிறார்கள் என்பதே அதற்குத் தெரியாது. பெரும்பாலும் காரணம் சாய்வு உணரி. அது ஒரு சின்ன பிளாஸ்டிக் கூடு, உள்ளே ஒரு உலோகக் குண்டு. பொம்மை சாயும்போது குண்டு உருண்டு எந்தத் தொடுமுனையைத் தொடுகிறதோ அதை வைத்துத்தான் நேரா, சாய்வா, தலைகீழா என்று போர்டு முடிவு செய்கிறது. வருடக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்தால் குண்டிலோ தொடுமுனையிலோ ஆக்சைடு படிந்து தொடர்பு விட்டுப்போகிறது.

இதற்குத் திறக்காமலே ஒரு வைத்தியம் உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பொம்மையை இரண்டு கையாலும் பிடித்து, எல்லாப் பக்கமும் சாய்த்துச் சாய்த்து ஐந்து நிமிடம் உருட்டுங்கள். நடுநடுவே அடிப்பாகத்தை உள்ளங்கையால் தட்டுங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. குண்டு உருளும்போது தொடுமுனையில் படிந்தது கொஞ்சம் கொஞ்சமாக உராய்ந்து போகும். பேட்டரி போட்டு ரீசெட் செய்து பாருங்கள். ஒரே நாளில் சரியாகாவிட்டால் அடுத்த நாளும் செய்யுங்கள். மூன்று நாள் உருட்டியும் எழவில்லையென்றால், சரி, திறக்கலாம்.

தோலை எடுப்பது

வேண்டியவை அதிகமில்லை. சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், நுனி கூரான கத்தரிக்கோல், தையல் பிரிக்கும் ஊசி, இடுக்கி, மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், புது கேபிள் டை இரண்டு. ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் டேப்பால் ஒட்டி, பக்கத்தில் இடத்தை எழுதிவையுங்கள். செல்போனில் ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள். எடுத்துவிட்டு, படம் தெளிவாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். பொம்மையைக் கவிழ்த்து, ரோமம் அடித்தட்டோடு சேரும் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். ரோமத்துக்குள் மறைந்தபடி ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை தோலை இறுக்கிப் பிடித்திருக்கும். ரோமத்தை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு டையை மட்டும் வெட்டுங்கள். துணியில் கத்தரி படக்கூடாது. பசை இருந்தால் இழுக்காதீர்கள். ஆல்கஹாலில் தொட்ட பட்ஸைப் பசையின் ஓரத்தில் ஓட்டினால் பிடி தளரும்.

இனி தோலை மேல்நோக்கிச் சட்டை கழற்றுவது மாதிரி உருட்டிக்கொண்டே போக வேண்டும். இரண்டு இடத்தில் தடுக்கும். ஒன்று காது. காதுக்குள் பிளாஸ்டிக் சட்டம் இருக்கிறது, தோல் அதன் அடியில் தையலால் பிடிக்கப்பட்டிருக்கும். அந்தத் தையலை மட்டும் ஊசியால் பிரித்து, துணியைச் சட்டத்திலிருந்து கையுறை கழற்றுவது போல உருவுங்கள். சட்டத்தைப் பிடித்து இழுத்தால் நெம்புகோல் முறியும். இன்னொன்று முகத்தட்டின் ஓரம். இங்கே அவசரம் கூடவே கூடாது. எங்கே நூல், எங்கே பசை என்று பார்த்துப் பார்த்து விடுவியுங்கள். அடித்தட்டையும் முகத்தையும் சுற்றி ஒருமுறை படம் எடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது கண் கலங்காது.

தோல் இல்லாத ஃபர்பியை முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பெரிய கண்ணும் அலகும் வைத்த பிளாஸ்டிக் எலும்புக்கூடு அது. சின்னப் பிள்ளைகள் தூங்கிய பிறகு இந்த வேலையை வைத்துக்கொள்வது நல்லது.

உள்ளே

இந்த நிலையிலேயே, கூட்டைப் பிரிக்காமல், பேட்டரி போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இறுக்கமான தோல் போன பிறகு மோட்டார் தானாக ஓடத் தொடங்கினால், கியரில் பிசுக்கு என்று அர்த்தம்.

அப்புறம் பேட்டரியை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் கூட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றி இரண்டு பாதியையும் விரல் அகலம் மட்டும் பிரியுங்கள். அதற்கு மேல் வேண்டாம். உள்ளே தலைமுடி மாதிரி ஒயர்கள் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குப் போகும். நான் முதன்முதலாகத் திறந்தபோது ஒரே இழுப்பில் பிரித்துவிட்டேன். ஸ்பீக்கர் ஒயர் சால்டரோடு பிய்ந்து வந்தது. அதைக் கவனிக்கவும் இல்லை. தூங்கிக்கொண்டிருந்த ஃபர்பியை எழுப்பப் போய் ஊமையாக்கிவிட்டு, ஒரு மாலை முழுக்கப் போர்டில் பழுது தேடிக்கொண்டிருந்தேன்.

போர்டில் கருப்பு எபாக்சி சொட்டுகள் தெரியும். அவற்றுக்கு அடியில்தான் மூளை இருக்கிறது: 6502 என்ற பழைய ப்ராசசரின் வம்சத்தில் வந்த ஒரு ப்ராசசரும், பேச்சுக்கான சிப்பும். அந்தச் சொட்டுக்குள் கோளாறு என்றால் நம்மால் ஆவது ஒன்றுமில்லை. ஆனால் அங்கே பழுது வருவது அபூர்வம், கடைசியாக மட்டுமே அதைச் சந்தேகியுங்கள். பெயர், வளர்ந்த நிலை போன்றவற்றை நினைவில் வைக்க ஒரு சின்ன ஈஈப்ராம் (மின்சாரம் நின்றாலும் மறக்காத நினைவகச் சிப்) உண்டு. மைக்ரோஃபோனும் இருக்கிறது, ஆனால் அது சத்தம் வந்ததா இல்லையா என்று சொல்வதற்கு மட்டுமே. 1999-இன் தொடக்கத்தில் வெளியான செய்திப்படி, அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை, ஃபர்பி கேட்டதைப் பதிவுசெய்து ஒப்பிக்கும் என்று பயந்து தன் வளாகத்துக்குள் அதைத் தடை செய்தது. இந்தப் போர்டை ஒருமுறை பார்த்திருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது.

*மின்சாரம் வருகிறதா?* பேட்டரி பெட்டியில் அளக்காதீர்கள், ஒயர் போர்டில் சேரும் இடத்தில் அளங்கள். பெட்டியில் 6 வோல்ட், போர்டில் பூஜ்யம் என்றால் நடுவில் ஒயர் போய்விட்டது. பேட்டரிக் கசிவு ஒயரின் உறைக்குள்ளேயே ஏறி உள்ளிருக்கும் செம்பைக் கறுப்பாக்கிவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. அப்படிப்பட்ட ஒயரைச் சுரண்டிப் பயனில்லை, புதிது போடுங்கள். அதேபோல் சும்மா இருக்கும்போது அளந்த வோல்ட்டேஜை நம்பாதீர்கள். மோட்டார் ஓட முயலும் நேரத்தில் பாருங்கள். புது செல் போட்டும் அந்த நேரத்தில் தடாலென்று விழுந்தால் எங்கோ ஒரு தொடுமுனை அரையும் குறையுமாக இருக்கிறது.

*சாய்வு உணரி.* உணரியின் கூட்டை எந்தப் பக்கம் மேலாக வைத்திருக்கிறார்கள் என்று மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வைத்து, உணரியின் கால்களில் இரண்டிரண்டாகத் தொட்டபடி சாய்த்துப் பாருங்கள். நன்றாக இருந்தால் குண்டு உருளும் ஒவ்வொரு முறையும் பீப் சத்தம் திட்டவட்டமாக வந்து போகும். கரகரவென்று விட்டுவிட்டு வந்தாலோ, குண்டு உருளும் ஓசை கேட்டும் பீப் வராவிட்டாலோ குற்றவாளி இதுதான். மூடியை மெல்லிய கத்தி முனையால் நெம்பித் திறக்கலாம். குண்டு ஓடிவிடாமல் கீழே ஒரு கிண்ணம் வையுங்கள். குண்டையும் தொடுமுனைகளையும் ஆல்கஹாலில் துடையுங்கள். மங்கலாகவே இருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மறுபடி துடையுங்கள். குண்டை விரலால் தொடாமல் இடுக்கியால் எடுத்துப் போடுங்கள், விரலின் எண்ணெய்ப் பிசுக்கே அடுத்த ஆக்சைடுக்கு விதை. எண்ணெய் ஸ்ப்ரே எதையும் இதற்குள் அடிக்காதீர்கள்.

*அச்சும் கியரும்.* மோட்டார் ஒயரைப் போர்டிலிருந்து பிரித்து, இரண்டு ஏஏ செல்லின் 3 வோல்ட்டை நேரடியாகக் கொடுங்கள். துருவம் மாற்றியும் கொடுங்கள், இரண்டு திசையிலும் சுற்ற வேண்டும். மோட்டார் சுற்றி கேம் சுற்றவில்லையென்றால், மோட்டார் அச்சில் அழுத்திப் பொருத்திய சின்ன கியரைப் பாருங்கள். மயிரிழை போல ஒரு வெடிப்பு விட்டு, அச்சில் வழுக்கிக்கொண்டிருக்கலாம். பழைய மோட்டார் பொம்மைகள் எல்லாவற்றுக்கும் வரும் வியாதி இது. ஒட்டினால் நிற்காது, அதே பல் எண்ணிக்கையும் துளை அளவும் உள்ள வேறு கியர்தான் வழி.

மோட்டாரே திணறினால் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். காட்டன் பட்ஸில் ஆல்கஹால் தொட்டு பல் பல்லாகத் துடைத்து எடுங்கள். அப்புறம் பிளாஸ்டிக்குக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸை ஊசிமுனை அளவு வைத்தால் போதும். கேம் அடுக்கை மட்டும் பிரிக்காதீர்கள். ஒவ்வொரு சக்கரமும் மற்றதோடு குறிப்பிட்ட கோணத்தில் நிற்கிறது. ஒரு பல் தவறினால் பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக, கண்ணை மூடிக்கொண்டு பேசி, வாயை மூடிக்கொண்டு விழிக்கும். பிரித்தே ஆகவேண்டிய நிலை வந்தால், எல்லாச் சக்கரத்தின் மீதும் நேராக ஒரே கோடு வரைந்துவிட்டுப் பிரியுங்கள்.

மோட்டாரும் கியரும் சுத்தம், ஆனால் பொம்மை நிற்காமல் ஓடுகிறது என்றால் அந்த இரண்டு கண்காணிகளிடம் போங்கள். துளைச் சக்கரத்தின் இடுக்கில் ஒரு ரோமம் விழுந்திருந்தாலே எண்ணிக்கை தவறும். காற்று ஊதி, உலர்ந்த பட்ஸால் துடையுங்கள். ஒளி எரிகிறதா என்று வெறும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் செல்போன் கேமரா வழியாகப் பாருங்கள். அகச்சிவப்பு ஒளி அதில் ஊதா நிறப் புள்ளியாகத் தெரியும். பின்கேமராவில் தெரியாவிட்டால் முன்கேமராவில் முயலுங்கள். சுற்று சுவிட்சின் இரண்டு உலோகத் தகட்டுக்கும் நடுவே, ஆல்கஹாலில் நனைத்த தாள் துண்டைச் செருகி மெல்ல இழுத்து எடுங்கள். தாளில் கறுப்புக் கோடு வரும். வெள்ளையாக வரும் வரை புதுத் துண்டு போடுங்கள். வயிறு, முதுகு, நாக்கு சுவிட்சுகளுக்கும் இதே முறைதான்.

*ஸ்பீக்கர்.* ஒயரைப் பிரித்து ஒரு செல்லை நொடி நேரம் தொட்டால் ‘டொக்’ என்று கேட்க வேண்டும். கேட்டால் ஸ்பீக்கர் நல்லது, ஒயரைத் தேடுங்கள். கேட்காவிட்டால் அதே அளவும் அதே ஓமும் உள்ளதை மாற்றுங்கள்.

மூடுவதற்கு முன்

தோலைத் துவைக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சோப்புக் கரைசல், பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில் காய வையுங்கள். செயற்கை ரோமம் சூட்டில் சுருண்டுவிடும், ஹேர் டிரையர் பக்கமே போகாதீர்கள். முக்கால் பதம் காய்ந்ததும் பல் நெருக்கமான சீப்பால் வாரினால் எழும்பி நிற்கும்.

கூட்டை மூடும்போது ஒயர்கள் ஸ்க்ரூத் தூணுக்கு நடுவே சிக்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். நேற்று வரை நன்றாக ஓடியது, மூடியதும் நின்றுவிட்டது என்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும். ஸ்க்ரூவை முறுக்கும் முன், முதலில் இடப்பக்கமாகத் திருப்பி ‘க்ளிக்’ என்று பழைய மரையில் விழுந்த பிறகு வலப்பக்கம் திருப்புங்கள். பிளாஸ்டிக் மரை புதிதாக வெட்டப்படாமல் தப்பும்.

தோல் போடாமல் குறைந்தது அரை நாளாவது வைத்துப் பாருங்கள். தூங்கவிட்டு எழுப்புங்கள், கவிழ்த்துப் பாருங்கள், வயிற்றை அழுத்துங்கள், நாக்கை அழுத்தி ஊட்டுங்கள். ஐந்தாறு முறை தூங்கி எழுந்த பிறகு தோலை மாட்டலாம். காதுகளை முதலில் செருகி, முகத்தட்டைச் சுற்றிச் சின்னத் தையலாகப் போட்டு, கீழே இழுத்துவிட்டு, புது கேபிள் டையை முழுக்க இறுக்காமல் மாட்டுங்கள். இப்போது பேட்டரி போட்டு ஓட்டிப் பாருங்கள். காது துணியில் மாட்டி முனகினால் தளர்த்திச் சரிசெய்யலாம். சரியாக ஆடுகிறது என்று தெரிந்த பிறகுதான் டையை இறுக்கி வால்நுனியை வெட்ட வேண்டும். அலமாரியில் வைக்கப் போகிறீர்கள் என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து நாலு பக்கமும் உருட்டுங்கள், குண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடாமல் இருக்கும்.